தாரிணி கல்யாணச் சேலையின் கரை நிறம்

மாம்பழ மஞ்சள் சேலை உடலுக்கு என்ன நிறத்தில் கரை போடுவது என்பது அரசாங்கம் தலையிடவேண்டிய விஷயம் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெருக்கடி நிலை வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நைனா ராஜவேலுவின் தறிக்கு வந்துவிட்டேன். சேலையின் உடலை நைனா நெய்வார். ஒரு பக்கத்துக் கரைக்கு, ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது நான். கரை இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. வேலை நடக்காவிட்டால் வீட்டில் அடுப்பு இல்லை.

இதில் புயல்நேசன் எங்கே வந்தார் என்றால், அவர்தான் எங்கள் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தார். தாரிணி என்ற பெண்ணை வைத்து அவர் நாவல் நாவலாக எழுதினார். அவள் ஒற்றன் உதயசந்திரனைக் காதலிப்பாள். நடுநடுவே ராஜ்ஜியத்தைக் கவிழ்க்கும் சூழ்ச்சிகளை முறியடிப்பாள். எத்தனை குண்டு வெடித்தாலும் அவள் சேலை கசங்காது. முதல் நாவலில் கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரை கட்டினாள். அந்த வருஷம் கல்யாணமான பெண்ணெல்லாம் கிளி மாதிரி மணவறையில் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து எங்கள் ஊர் முதலாளிகள் பஞ்சாங்கம் பார்ப்பதை விட்டுவிட்டுப் புயல்நேசனைப் பார்த்தார்கள்.

கடைசி நாவலில் தாரிணிக்குக் கல்யாணம். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் கல்யாணப் பெட்டியைத் திறக்கிறாள். மாம்பழ மஞ்சள் பட்டு தெரிகிறது. கரை என்ன நிறம் என்று பார்ப்பதற்குள், பாவி மனுஷன், விளக்கை அணைத்துவிட்டார்.

கடைசி அத்தியாயத்தைப் புரட்டினால், அது இல்லை. கிழித்திருந்தது.

எங்கள் ஊரில் "சூழ்ச்சி நீக்கத் தனிப்பிரிவு" என்று புதிதாக ஓர் ஆபீஸ் திறந்திருந்தார்கள். தனி அலுவலர் கண்ணாயிரம் இரக்கசுபாவம் உள்ளவர். சூழ்ச்சி உள்ள கதை என்று மற்ற ஊர்களில் புத்தகத்தையே பறித்துக்கொண்டார்கள். இவர் ஊருக்கு வந்த பிரதிகள் அத்தனையிலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்து, உறையில் போட்டு அரக்கு வைத்து, மிச்சத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

ஊரில் எல்லாத் தறியிலும் மாம்பழ மஞ்சளில் நீளவாட்டுப் பாவு நூல் ஏறியாயிற்று. கரைப் பாவு மட்டும் ஏறவில்லை. எங்களுக்கு நூல் கொடுக்கும் ராஜகோபால் முதலாளி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இதோ பாருப்பா ராஜவேலு, தாரிணி கரைதான் வோணும். வேற கரை போட்டா நீயே கட்டிக்கோ."

"எனக்கு மஞ்சள் எடுக்காது முதலாளி" என்றார் நைனா.

ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் காலையில் கஞ்சி, ராத்திரியும் அதே கஞ்சி. நான் நேரே ஆபீசுக்குப் போனேன்.

"சார், கடைசி அத்தியாயம் வோணும்."

"சூழ்ச்சி பற்றிய விவரங்களைக் கோருகிறாயா?"

"சூழ்ச்சிய நீங்களே வெச்சிக்கோங்க சார். கரை இன்னா கலர்னு சொல்லுங்க, போயிடறேன்."

கண்ணாயிரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அது வெளியிடத்தக்கதல்ல."

"நீங்க படிச்சீங்களா சார்?"

"சூழ்ச்சி உள்ள பக்கங்களை யாரும் படிக்கக் கூடாது. நானும் யாரில் சேர்த்தி."

"படிக்காம அதுல சூழ்ச்சி இருக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"சூழ்ச்சி இல்லையென்றால் ஏன் கிழிப்போம்?"

கணக்குப் பரீட்சையிலும் எனக்கு இப்படித்தான் ஆனது. அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உதயசந்திரன் பிழைத்துக்கொள்வான் இல்லையா?" என்று கேட்டார். "அத்தியாயம் உங்ககிட்டதானே சார் இருக்குது" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் தண்டோரா போட்டு ஓர் உத்தரவு வந்தது. மேற்படி அத்தியாயத்தில் குறிப்பிடப்படும் கரை நிறம் சூழ்ச்சிக்காரர்களின் சைகையாக இருக்கக்கூடும் என்பதால் அதை யாரும் நெய்யலாகாது. அது எந்த நிறம் என்று கேட்கவும் கூடாது.

"எந்த கலர்னு தெரியாம எப்படிம்மா நெய்யாம இருக்கிறது?" என்று நைனா தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. பச்சைப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், "இந்த கலர் நெய்யலாமா சார்?" என்றேன். கண்ணாயிரம் யோசித்தார். கூடாது என்றால் காரணம் எழுதவேண்டும். எடுத்து "ஆட்சேபணை இல்லை" என்று முத்திரை குத்தினார், துண்டின் மேலேயே. தாளில் குத்தினால் வேறு துண்டை ஒட்டி ஏமாற்றிவிடுவோமாம்.

ஒவ்வொரு கலராகக் கொண்டுபோக வேண்டியது. உத்தரவு போடுவதற்காவது அவர் உறையைப் பிரித்துப் பார்த்திருப்பார்; எதற்கு முத்திரை விழவில்லையோ அதுதான் தாரிணி கரை. தெருவில் சொன்னேன். அடுத்த நாள் ஊரே துண்டும் கையுமாக ஆபீஸ் வாசலில் நின்றது. மிளகாய்ப்பழச் சிவப்புக்கு முத்திரை. மயில்கழுத்துக்கு முத்திரை. பக்கத்து வீட்டு மணியம்மாள் அக்கா வாடாமல்லித் துண்டோடு வெளியே வந்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"குத்தலையாக்கா?"

"கைய ஓங்கினார்டி. அப்புறம் இன்னா ஆச்சோ, கையில வாங்கிப் பார்த்தா ஒண்ணும் இல்ல."

அடுத்து நின்ற முருகேசன் மாமாவும் வாடாமல்லிதான். அவருக்கும் முத்திரை இல்லை. அன்று சாயங்காலம் சாயப்பட்டறைக் கால்வாய் முழுக்க வாடாமல்லி நிறத்தில் ஓடியது.

மாம்பழ மஞ்சள், வாடாமல்லிக் கரை. தடை செய்யப்பட்ட நிறம் என்று ரகசியமாகச் சொன்னதும் சேலைக்கு அப்படி ஓர் அடிதடி. பட்டணத்திலிருந்து காரில் வந்தார்கள். எங்கள் வீட்டில் கஞ்சி போய்க் குழம்பு வந்தது. எங்களைப் பிடிக்க யாரும் வரவில்லை. அது மட்டுமா, கண்ணாயிரமே தன் சம்சாரம் ஜெயம்மாளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மா அதைக் கட்டிக்கொண்டு வரதர் கோயிலுக்குப் போனதைப் பார்த்து, "உள்ளுக்குள்ள நம்மாளுப்பா, இன்னா தில்லு" என்று ஊரே உருகியது.

நெருக்கடி நிலை போனது. ஆபீசை மூட உத்தரவு வந்தது. உறையை வாங்கிக்கொள்ள முதல் ஆளாக நான்தான் போனேன்.

"அந்த வாடாமல்லிக்கு மட்டும் முத்திரை குத்தாம விட்டீங்களே, பெரிய மனசு சார் உங்களுக்கு."

"குத்தினேனே!" என்றார். மேசையில் கிடந்த ஒரு வாடாமல்லித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஆட்சேபணை இல்லை. முத்திரை மையும் அதே வாடாமல்லி. பட்டிலே பட்டாகப் படிந்து கிடந்தது.

அங்கேயே உறையைக் கிழித்துப் படித்தேன். உதயசந்திரன் பிழைத்துக்கொண்டான். பட்டுப் பெட்டி ரயிலில் தொலைந்துபோயிற்று. தாரிணி பதிவு ஆபீசில் பூப்போட்ட நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். சூழ்ச்சி முந்தின அத்தியாயத்திலேயே முடிந்துவிட்டது.

ராஜகோபால் முதலாளி கடையில் கூட்டமாக நின்றவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"நைலக்ஸா? யாரை ஏமாத்தறாங்க?" என்று முதலாளி பாய்ந்தார். "கவர்மெண்டு அத்தியாயத்தையே மாத்திட்டிருக்குது."

"இத்தினி நாள் பூட்டி வெச்சிருந்தது இதுக்குத்தான்" என்றாள் மணியம்மாள் அக்கா. "பட்டுக்கு எதிரா சூழ்ச்சி."

சாயங்காலத்துக்குள் மனு தயாராகிவிட்டது. பொதுமக்களின் நன்மையை முன்னிட்டு மேற்படி அத்தியாயத்தை மறுபடியும் உறையிலிட்டு அரக்கு வைக்கவேண்டும், தனிப்பிரிவைத் தொடர்ந்து நடத்தவேண்டும், கண்ணாயிரத்தை மாற்றக் கூடாது. முதல் கையெழுத்து முதலாளி. அடுத்தது ஜெயம்மாள். மனு எங்கள் வீட்டுக்கு வந்ததும் நைனா பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீ படிச்சவம்மா, நீயே சொல்லு. அது நெஜ அத்தியாயம்தானா?"

தறியைப் பார்த்தேன். அடுத்த முகூர்த்தத்துக்கு மஞ்சள் பாவு ஏறி, பக்கத்திலேயே வாடாமல்லிக் கரைப் பாவும் ஏறியிருந்தது.

"சூழ்ச்சிதான் நைனா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.