பிஎச்.டி.க்கு வந்த பல்வலி

பொறாமைக்கு அதிக தூரம் நடக்கத் தெரியாது. பெரும்பாலும் அது வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓசூரில் ஆலை வைத்திருக்கிற முதலாளிகள் எத்தனை கார் வாங்கினாலும் என் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் என் ஓரகத்தி திவ்யா ஒரு புது நைட்டி வாங்கினால் போதும், அன்றைக்கு என் ரசம் பொங்கி வழிந்துவிடும். (ரசத்தைப் பொங்கவிடக் கூடாது என்று எனக்கும் தெரியும். கவனம் மாடியில் இருந்தால் அது வேறென்ன செய்யும்?)

பாகலூரில் எங்களுக்கு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தை மாமியார் பார்த்துக்கொள்கிறார். என் கணவர் முரளி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். நான் எம்.ஏ. பொருளாதாரம். கல்லூரியில் முதல் மாணவி. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு, பரண்மேல் இருக்கும் பித்தளை அண்டா மாதிரி ஆகிவிட்டது. விசேஷத்துக்குக்கூட யாரும் இறக்குவதில்லை.

கொழுந்தனுக்கு வாய்த்த திவ்யாவும் எம்.ஏ. பொருளாதாரம்தான். உலகத்தில் இத்தனை பாடங்கள் இருக்கும்போது அவளுக்கு ஏன் இதுவே அகப்பட்டது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒருநாள் சாப்பிடும்போது அவள், “அத்த, பெங்களூர்ல பிஎச்.டி.க்கு அப்ளை பண்ணியிருக்கன்” என்றாள்.

மாமியார் சோற்றுக் கையோடு அவள் தலையைத் தடவினார். “நம்ம வூட்லயே ஒரு டாக்டரு!” என்றவர் என் பக்கம் திரும்பி, “மஞ்சு, கொழம்புல உப்பு கம்மி” என்றார்.

அன்று மதியமே நானும் அதே கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன், யாருக்கும் தெரியாமல். கிடைத்தால் மாமியாரிடம் சாவகாசமாகச் சொல்லலாம், கிடைக்காவிட்டால் பரணுக்கே திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

நேர்முகத்துக்கு இருவருக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது. அவளுக்கு மதியம், எனக்குக் காலை. அவள் வருவதற்குள் முடித்துக்கொண்டு நழுவிவிடலாம். வெளியே கிளம்பக் காரணம்தான் வேண்டும். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“ஓசூர்லயே டாக்டருங்க இருக்காங்களே?” என்றார் முரளி.

“பெங்களூர்ல ஒருத்தர் வலிக்காம புடுங்குறாராம்.”

என் பல்வலியை வீடே உண்மையாக நம்பியது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மட்டன் சாப்பிட, எனக்கு மட்டும் ராகிக் கூழ். திவ்யாவே அக்கறையாக ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். எலும்பைக் கடிக்கிற சத்தம் வந்தபோதெல்லாம் எனக்கு நிஜமாகவே பல் கூசியது.

மறுநாள் நேர்முகத்துக்குக் கிளம்பும்போது மாமியார் கேட்டில் மறித்தார். “பஸ்ஸுல காத்தடிச்சா வலி ஏறும்” என்று முழுப் பாட்டில் கிராம்புத் தைலத்தையும் பஞ்சில் கவிழ்த்து என் கன்னத்துக்குள் திணித்தார். பஸ் வரும்வரை கூடவே நின்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைக்காமல், சர்ஜாபுரம் வந்த பிறகுதான் துப்ப முடிந்தது. பஞ்சைத் துப்பினேனா, நாக்கைத் துப்பினேனா என்றே தெரியவில்லை. வாய்க்குள் எதுவும் இருப்பதாக உணர்வில்லை. கீழுதடு வீங்கித் தொங்கியது.

காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால் முதல் நாற்காலியில் திவ்யா! கொழுந்தன் ஷிப்டுக்குப் போகும் முன்பே கொண்டுவந்து விட்டுவிட்டாராம்.

“அக்கா! பல்லு டாக்டரு இங்கியா இருக்காரு?”

கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் சில பேராசிரியர்கள். ஓரத்தில் ஓர் அம்மாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தலைவர் கன்னடக்காரர். ஆங்கிலத்தில் என் ஆய்வைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எங்கள் பக்கத்துப் பெண்கள் தமிழ்நாட்டில் குடியிருந்துகொண்டு கர்நாடகத்துக்கு ஏன் வேலைக்குப் போகிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. கண்ணாடி முன்னால் நின்று “விமன் லேபர், பார்டர்” என்று மனப்பாடம் செய்ததெல்லாம் “உம்மன் லேபல்… பாடல்…” என்று கொழகொழவென வந்தது. கூடவே எச்சிலும் வந்தது.

தலைவர் பதறித் தண்ணீர் கொடுத்தார். விண்ணப்பத்தைப் புரட்டியவர் முகம் மலர்ந்தது. “மதியம் வரும் பெண்ணுக்கும் இதே முகவரிதானே? வந்திருந்தால் கூப்பிடுங்கள், உதவட்டும்.”

அப்படித்தான் என் நேர்முகத்துக்கு என் ஓரகத்தியே மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

நான் அவள் காதில் முனகினேன். “சம்பளத்துக்கு மட்டும் போறதில்ல. இங்க வேலைக்குப் போனா பக்கத்து வூட்டுக்காரி பாக்கறா. அங்க யாரும் பாக்கறதில்ல.”

அவள் நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில், “வேலையைத் தேர்ந்தெடுப்பதில் சமூகக் கண்காணிப்புக்கும் ஒரு விலை இருக்கிறது என்கிறார்” என்றாள்.

“பிரமாதம்!” என்றார் தலைவர், அவளைப் பார்த்து. என் தோட்டத்து மாங்காயை அறுத்து, உப்பு மிளகாய்ப்பொடி தூவி, என் கண்ணெதிரே அவள் விற்றுக்கொண்டிருந்தாள்.

கடைசியாகத் தலைவர் கேட்டார். “இத்தனை வருஷம் கழித்து ஏன் பிஎச்.டி.?”

ஆத்திரத்தில் என் நாக்குக்கு லேசாக உயிர் வந்துவிட்டது. “இவ பண்றாளே, அதுக்குத்தான்! இவ டாக்டராயிட்டா அத்த என்னைய மனுசியாக்கூட மதிக்காது!”

திவ்யா என்னைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். “கல்லூரியில் இவர்தான் முதல் மாணவி. அந்தப் படிப்பை யாரும் பொருட்படுத்தாத வீட்டில் இருந்தும் ஆசை போகவில்லை என்கிறார்.”

நான் சொன்னதும் அதுதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் ஓரத்து அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது.

“எனக்குத் தருமபுரிதாம்மா” என்றார் அழகான தமிழில். “எனக்கும் ஓரகத்திங்க இருக்காங்க.”

பூமி பிளக்கவில்லை. பெங்களூரில் எல்லா இடத்திலும் கான்கிரீட்.

மதியம் அவள் நேர்முகம் முடிந்ததும் சேர்ந்தே பஸ் ஏறினோம். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டன்க்கா” என்றாள். ஜன்னல் பக்க சீட்டையும் எனக்கே விட்டுக்கொடுத்தாள். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

அவள் சொல்லவும் இல்லை. வீங்கிய வாயோடு போன என்னை உட்காரவைத்து, “புடுங்கன எடம் காட்டு” என்றார் மாமியார். முரளி செல்போன் டார்ச்சை அடித்து, கம்பெனியில் பாகங்களைச் சோதிப்பதுபோல மேல்வரிசை, கீழ்வரிசை என்று நிதானமாகப் பார்த்தார். ஓட்டை எங்கும் இல்லை. மாமியார் கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். “அன்னி பள்ளு உன்னாயி கதே!” என்று கத்தினார். எல்லாப் பல்லும் இருக்கிறதே என்று அர்த்தம். பல் மருத்துவர் நிஜமாகவே வலிக்காமல்தான் பிடுங்கியிருக்கிறார் என்றார் முரளி. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமியார் எழுந்து, மிச்சமிருந்த மட்டன் குழம்பைச் சூடு பண்ணப் போனார்.

திவ்யாவுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அவள் இப்போது எல்லையோரப் பெண்களைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறாள். அவளுக்கு வராத கன்னடமும் தெலுங்கும் பேசி அந்தப் பெண்களின் வாயைக் கிளற என்னைத்தான் கூட்டிப்போகிறாள். நானும் போகிறேன். நான் இல்லாமல் ஆய்வு ஓடாது என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாமே.

போன வாரம் படித்துப் படித்துக் கண் கெட்டு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். “படிச்ச களை எப்டி தெரியுது பாரு!” என்று மாமியார் நெட்டி முறித்தார்.

இரவு படுக்கும்போது, “என்னங்க, எனக்குக்கூட ரெண்டு நாளா கண்ணு மங்கலாத் தெரியுது” என்றேன்.

முரளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எந்த யுனிவர்சிட்டியில?” என்றார்.