குடைக்குத் தடை

நடுநிலை என்பது பெரிய மனிதர்களுக்கு அழகு. தற்காலிக வேலையில் இருக்கும் இளவட்டத்துக்கு அது வந்தால் வியாதி. எனக்கு வந்தது, அதுவும் முற்றிய நிலையில்.

அறுபதுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில் பூங்கா ரேடியோவின் ஆபரேட்டர். (ஆபரேட்டர் என்றதும் என்னவோ ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். சாயங்காலம் பெட்டியைத் திருகிவிட்டு, செய்தி முடிந்ததும் மறக்காமல் அணைக்க வேண்டும். மறந்ததும் உண்டு.) பூங்காவின் நடுவில் உயரமான கம்பம், அதன் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய்கள். காற்று ஒத்துழைத்தால் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் வரை கேட்கும். இந்த வேலை நிரந்தரமானால்தான் தன் மகள் சரோஜாவை எனக்குக் கட்டிக் கொடுப்பதாகச் சாயப்பட்டறை முனிரத்தினம் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நகராட்சித் தேர்தல் வந்தது. முனிரத்தினமே எங்கள் வார்டில் நின்றார். அவர் சின்னம் குடை. கமிஷனர் ஒரு புதுமை செய்தார்: வார்டின் நான்கு வேட்பாளர்களும் பூங்கா மேடையில் ஏறி ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும், ஊர் அதை ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். ஆனால் நகராட்சி மைக் யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. யாருடைய சின்னமும் மேடையில் தெரியக் கூடாது, மைக்கில் ஒலிக்கவும் கூடாது.

"நீ முனிரத்தினத்துக்கு வரப்போற மாப்பிள்ளையாமே?" என்று கமிஷனர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரு புகார் வந்தாலும் நிரந்தரம் கிரந்தரம் எல்லாத்தையும் மறந்துடு."

அவர் சொன்னது சுவரொட்டிகளையும் கொடிகளையும். இது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் ஆயிற்றே!

மற்ற மூவரின் சின்னங்கள் நாற்காலி, மணி, ரேடியோ.

முதல் வேலையாக மேடையிலிருந்து நாற்காலிகளை அப்புறப்படுத்தினேன். நாற்காலிக்காரருக்கு மூட்டு வலி. "என் சின்னத்து மேல நானே குந்திக்கினா இன்னாபா தப்பு?" என்று கெஞ்சினார். "விதி சார்" என்றேன், ஏதோ நானே எழுதிய விதி போல. நேரம் முடிந்ததும் அடிக்கிற மணியைப் பூட்டி வைத்தேன். அதற்குப் பதிலாகப் பேசுகிறவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுப்பதென்று ஏற்பாடு. ரேடியோதான் என்னைப் படாதபாடு படுத்தியது. பூங்கா ரேடியோவில் ஒலிபரப்பினாலே ரேடியோக்காரருக்கு விளம்பரம் ஆகிவிடாதா? யோசித்து யோசித்து, பெட்டியைப் போர்வையால் மூடினேன். அறையின் பெயர்ப்பலகை மேல் காகிதம் ஒட்டினேன். கடைசியில் கம்பத்தில் ஏறி, குழாய்களின் வாயில் கோணிச்சாக்கைக் கட்டிவிட்டு இறங்கினேன். இப்படி ஒரு ஒலிபரப்பாளன் எந்த நாட்டுக்கும் வாய்த்திருக்க மாட்டான்.

ஐப்பசிச் சாயங்காலம். தறியை நிறுத்திவிட்டுக் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். நாற்காலிக்காரர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றே பேசி முடித்தார். மணிக்காரருக்குப் பத்து நிமிடம் போதவில்லை. நான் இழுத்த இழுப்பில் சட்டைத் தையல் விட்டுப்போய், ஊர் நலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். ரேடியோக்காரர் பேசியபோது கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "கெணத்துல வுழுந்தவன் கூப்புடுற மாதிரி கேக்குதுபா!"

எல்லாரும் சமமாகக் கிணற்றில் கிடந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக முனிரத்தினம். வாயைத் திறந்தார், மழை பிடித்துக்கொண்டது. அக்குளில் வைத்திருந்த குடையை எடுத்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"இன்னாபா பண்றே? நனையுறேன் இல்ல?"

"சின்னம், ஐயா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சரோஜா பல காதம் தள்ளிப் போனாள். அதற்குள் கீழே கூட்டம் குடைகளை விரித்தது. பூங்கா முழுக்கக் குடை! இத்தனை குடைகளையும் நான்தான் விரிக்கச் சொன்னேன் என்று புகார் போகாதா? மைக்கைப் பிடித்தேன். அந்த நொடியில் மழைக்காற்று குழாய்களின் சாக்குகளைப் பிய்த்துக்கொண்டு போனதை நான் கவனிக்கவில்லை.

"குடையை மடக்குங்கள்! யாரும் குடை பிடிக்கக் கூடாது! குடை என்பது முனிரத்தினம் ஐயாவின் சின்னம்! குடை! குடை!"

அன்று காஞ்சிபுரம் தெளிவாகக் கேட்டது இந்த ஒரு பேச்சைத்தான்.

ஓட்டுப் போடும் நாள் வரை மழை விடவில்லை. ஊரே குடையோடு நடந்தது. எதிரில் வருகிறவரைப் பார்த்து "மடக்கு, மடக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. குடை ஜெயித்தது. தோற்ற மூவரும் முதல்முறையாக ஒற்றுமையாகி ஒரே புகாராகக் கொடுத்தார்கள்.

"மூணு பேரைச் சாக்குக்குள்ள பேச வெச்சிட்டு, மாமனார் சின்னத்தை மட்டும் ஊருக்கே அறிவிச்சிருக்கே. உன்னை அசடுன்னு நெனச்சேனே!" என்றார் கமிஷனர். என்னை முதன்முதலாகக் கெட்டிக்காரன் என்று மதித்தவர் அவர்தான். மதித்த கையோடு வேலையைவிட்டு அனுப்பினார்.

சாயப்பட்டறைக்குப் போனேன். வேலை போன துக்கத்தைவிட, சரோஜா இனி எனக்கில்லை என்பதுதான் பெரிதாக இருந்தது. முனிரத்தினம் காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ எனுக்காகப் பண்ணியா, என்னை ஒழிக்கப் பண்ணியா? அதையே நெனச்சுக்கினு இருக்கேன்."

"விதிக்காகப் பண்ணினேன், ஐயா."

அவர் நெடுநேரம் இருமினார். "அப்டின்னா நீ ஒண்ணு யோக்கியன், இல்லாங்காட்டி முட்டாள். ரெண்டுல எதுவா இருந்தாலும் எம்பொண்ணை ஏமாத்த மாட்டே. நாளையிலேர்ந்து பட்டறைக்கு வா."

உள்ளே சரோஜா சிரிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் நிற்கவில்லை அந்தச் சிரிப்பு.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை காசிக்குக் கிளம்புகிற சடங்குக்குத் தடியும் விசிறியும் என் கையில் வந்தன. குடைக்காகக் கையை நீட்டினேன். பெண்வீட்டார் கொடுக்க வேண்டியது அது. கவுன்சிலர் முனிரத்தினம் அதை அக்குளில் இறுக்கிக்கொண்டார்.

"தர முடியாது மாப்ளே. என் சின்னம். விதி இருக்குது."

புரோகிதர் மன்றாடிப் பார்த்தார். மாமனார் அசையவில்லை. உச்சி வெயிலில் வெறுங்கையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காசிக்குப் புறப்பட்டேன். போட்டோக்காரர் அதைத்தான் எடுத்தார்.

அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்பார்கள், குடை எங்கே என்று. நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா முந்திக்கொள்வாள்:

"குடுத்தாங்க. இவருதான் வேணாம்னுட்டாரு. புகார் வந்துடுமாம்."