இட்லித் தட்டில் ஒரு மின்னும் ஜெல்லி

எனக்குச் சமைக்க வராது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ரொம்ப நாள் வரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் மகள் யாழினியின் எட்டாவது பிறந்தநாளன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னிலையில்.

அந்த வருஷம்தான் தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடி வந்திருந்தோம். லிஃப்ட் வைத்த கட்டடம், கீழே விளையாட இடம், வாசலில் வாட்ச்மேன். வாஷிக்கு ஆபீஸ் போகிறவனுக்கு ரயிலும் சௌகரியம். எனக்கு ஒரே பெருமை. யாழினிக்கு மட்டும் பெருமையில்லை. சாயங்காலமானால் கீழே போவாள், லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டு மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பாள், திரும்பி மேலே வந்துவிடுவாள்.

ஒருநாள் வந்து சொன்னாள்: "அப்பா, ரியா கேட்டா, பஹ்லே கஹா ரெஹதே தேன்னு. தாராவின்னேன். 'அச்சா'ன்னுட்டு போயிட்டா."

முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். இந்த ரியா முதல் மாடி. கட்டடத்துப் பிள்ளைகள் படையின் தளபதி. அவள் யாரைச் சேர்த்துக்கொள்கிறாளோ அவர்தான் ஆட்டத்தில் உண்டு. அவள் சொன்ன அந்த 'அச்சா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. (அவள் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் பெற்றவனுக்கு எல்லாம் ஒரு மாதிரியாகத்தானே கேட்கும்!) பிறந்தநாளை ஜாம்ஜாம் என்று நடத்தி, அத்தனை பிள்ளைகளையும் வாயைப் பிளக்க வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. இருட்டறையில் ஒரு தட்டு. தட்டில் நீல நிறத்தில் தகதகவென்று ஒளிரும் ஜெல்லி. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதைக் கரண்டியால் எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தன. விஷயம் இவ்வளவுதான். டானிக் வாட்டர் என்று ஒரு கசப்புச் சோடா கடையில் கிடைக்கும். அதில் கொஞ்சம் கொயினா உண்டு. அந்தக் காலத்தில் மலேரியாவுக்குக் கொடுப்பார்களே, அதே சரக்குதான். கறுப்பு விளக்கு என்று சொல்லப்படும் ஊதா ட்யூப் ஒன்றைப் போட்டால் அந்தச் சோடா நீலமாக மின்னும். அதையே ஜெல்லியாக உறைய வைத்தால் ஜெல்லி மின்னும்.

கணபதிப் பந்தல்களுக்கு அலங்காரம் செய்யும் ஒருவரிடம் ட்யூப்பைக் கேட்டு வாங்கினேன். சோடா பாட்டிலோடு நான், என் மனைவி செல்வி, யாழினி மூன்று பேரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். வீட்டிலேயே ஜன்னல் இல்லாத இடம் அதுதான். நான் கட்டம் போட்ட லுங்கி, செல்வி பச்சை நைட்டி. (இந்த உடை விவரம் முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) ட்யூப்பைப் போட்டதுதான் தாமதம், பாட்டில் முழுக்க நீல நெருப்பு! யாழினி வாளிமேல் ஏறிக் குதித்தாள். செல்வியே "அட!" என்றாள். செல்வி என்னைப் பார்த்து "அட" சொல்வது அபூர்வம். கல்யாண ஆல்பத்தில்கூட அப்படியொரு முகம் இல்லை.

மறுநாள் கட்டடம் முழுக்கச் செய்தி. "மேரே பப்பா அந்தேரே மே சமக்னேவாலா ஜெல்லி பனாதே ஹை" என்று யாழினி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இருட்டில் மின்னும் ஜெல்லி. ரியா நம்பவில்லையாம். "தேக்தே ஹை" என்றாளாம். பார்க்கலாம் என்று ரியாவே சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

பிள்ளைகளில் ஒன்றிரண்டு சைவம் என்பதால் ஜெலட்டின் கூடாது. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்க் கடல்பாசி வாங்கி வந்தேன். அச்சுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது செல்வி துளையில்லாத இட்லித் தட்டுகளை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியை என் வசம் எடுத்துக்கொண்டு, கடல்பாசியைக் கரைத்து, சோடாவை ஊற்றி, சர்க்கரையைக் கொட்டிக் கிளறினேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சிவ சிவா! வேப்பங்கொழுந்து தோற்றுப்போகும்.

இன்னும் சர்க்கரை போட்டேன், கசப்பு அசையவில்லை. அப்போது எனக்குள் இருந்த திருநெல்வேலிக்காரன் விழித்துக்கொண்டான். எங்கள் பக்கம் பாயசமோ கேசரியோ, இனிப்பு எதுவானாலும் ஒரு சிட்டிகை உப்பு போடாமல் இறக்கமாட்டார்கள். போட்டால் ருசி எடுத்துக் கொடுக்கும். வீடியோவில் வந்த வெள்ளைக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பாவம்! ஒரு சிட்டிகை போட்டேன். கசப்பு கொஞ்சம் அடங்கியது. கைக்கு வந்த அளவில் இன்னும் கொஞ்சம் போட்டேன். "வெற்றி, வெற்றி" என்று முணுமுணுத்தபடி ஹாலில் ட்யூப் மாட்டப் போய்விட்டேன். ஜெல்லியைத் தட்டில் ஊற்றும் வேலையைச் செல்வி பார்த்துக்கொண்டாள். சமையலுக்கு ஒத்தாசையாகக் காலையிலேயே தாராவியிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் கூட இருந்தார்.

மாமனார் மட்டும் அப்போது வரவில்லை. அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தாராவியில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுக்கத் தோல், பசை, கறுப்புச் சாயம். இத்தனைக்கும் நடுவில் மனிதர் கட்டுவது வெள்ளை வேட்டி, போடுவது வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. மூன்றையும் வேறு யாரையும் துவைக்க விடமாட்டார். சலவைத்தூள், அதற்குமேல் வெளுப்புத்தூள் என்று தானே ஊற வைத்து, தானே அலசி, தானே உதறிக் காயப்போடுவார். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. எனக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷமாகியும் அவர் வீட்டுக்கு வந்தால் நான் நாற்காலி நுனியில்தான் உட்காருவேன்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஜன்னல்களைப் போர்வை போட்டு மூடியிருந்தேன். இட்லித் தட்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்து மேலே ஒரு துணி. ரியா கையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில். யாழினி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். பிள்ளைகளே கோரஸாக எண்ணினார்கள்: "தீன்... தோ... ஏக்!"

விளக்கை அணைத்தேன். துணியை இழுத்தேன். ட்யூப்பைப் போட்டேன்.

ஒன்றும் இல்லை. அங்கங்கே ஒரு ரிப்பனும் ஒரு காலுறையும் லேசாகத் தெரிந்தன. ஜெல்லி இருந்த இடத்தில் இருட்டுதான் இருந்தது.

"அங்கிள், லைட் கயா க்யா?" என்று, கரண்ட் போய்விட்டதா என ஒரு குரல் கேட்டது. தட்டைத் தூக்கி ட்யூப்புக்குக் கிட்டே ஆரத்தி மாதிரி காட்டினேன். அசைத்துப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். (தட்டினால் சரியாவதற்கு அது என்ன பழைய ரேடியோவா? அன்றைக்கு எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.) ஒரு பையன் கையைவிட்டு ஒரு ஜெல்லியை எடுத்துக் கடித்துவிட்டு, "சீ! நம்கீன் ஹை!" என்றான். உப்பு! யாரோ சிரித்தார்கள். "மை போலி தி நா?" என்றாள் ரியா. நான் அப்பவே சொன்னேனே என்று அர்த்தம்.

யாழினி சத்தம் போடவில்லை. "அப்பா, பாத்ரூம்ல எரிஞ்சுதுல்ல?" என்று மெதுவாகத் தமிழில் கேட்டாள். அவள் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தரை பிளந்து நாலு மாடியும் தாண்டி உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்து மூடியது. தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்தும் மெகா பிளாக்கில் ஹார்பர் லைன் ஓடாமல், பஸ் பிடித்துத் தாமதமாக வந்து சேர்ந்திருந்தார் மாமனார். கதவுப் பக்கம் திரும்பிய பிள்ளைகள் ஒரே குரலில் வீறிட்டார்கள்.

"பூ...த்!"

பேய்தான். தலை கிடையாது, கை கால் கிடையாது. ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு. மூன்றும் கண்ணைப் பறிக்கிற நீல வெள்ளையில் ஜொலித்துக்கொண்டு தரைக்கு அரையடி மேலே மிதந்து வந்தன. வெள்ளைத் துணியைப் பளிச்சென்று காட்ட அந்தத் தூள்களில் ஏதோ சேர்க்கிறார்களாம், அது இந்த வெளிச்சத்தில் மின்னுமாம். குளியலறையில் லுங்கியும் நைட்டியுமாக நின்றதால் எங்கள் கண்ணில் அது படவேயில்லை. அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நானும் ஓரடி பின்னால் போனேன்.

பேய் நின்றது. தொண்டையைச் செருமியது. "என்ன மாப்ள, கரண்டு பில்லு கட்டலியா?" என்றது.

இருட்டில் யாழினி அழுவது நன்றாகக் கேட்டது. சட்டை அவள் பக்கம் திரும்பியது. பிறகு தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டது. சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளைகளையும் பார்த்திருக்க வேண்டும். என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, அந்த மனிதர் மெதுவாகக் குனிந்து வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டினார்.

பேய் பாதியாகிவிட்டது!

சோபாவுக்குப் பின்னாலிருந்து 'களுக்' என்று ஒரு சிரிப்பு. வேட்டியை அவிழ்த்து விட்டார். பேய் வளர்ந்தது. மறுபடி மடித்தார், குறுகியது. அவிழ்த்தார், வளர்ந்தது. அப்புறம் தோளிலிருந்த துண்டை எடுத்து வீசினார் பாருங்கள், அது தனியாகப் பறந்து, பிள்ளைகள் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, ரியாவின் மூக்குக்கு முன்னால் வந்து நின்று ஆடியது. "கோன் ஹை ரே உதர்?" என்று, யாரடா அங்கே என்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். பிள்ளைகள் பயத்தில் கத்தி, சந்தோஷத்தில் கத்தி, "ஃபிர் ஸே! ஃபிர் ஸே!" என்று இன்னொரு தடவை கேட்டு அவரைச் சுற்றிக் குதித்தார்கள். வேட்டி ஓட, பிள்ளைகள் துரத்த, பிள்ளைகள் ஓட, வேட்டி துரத்த, ஹாலே அமர்க்களப்பட்டது.

அடுப்படி வாசலில் மாமியார் வாயில் கைவைத்து நின்றார். "ஏட்டி செல்வி, ஒங்கப்பாவா இது? எனக்கு ஒருநாளு இப்படி ஆடிக் காட்டுனதில்லயே இந்த மனுசன்!"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்த மனிதரை அந்த நிமிஷத்தில் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பேத்தி அழக் கூடாது என்பதற்காக, பட்டறையே நடுங்குகிற ஒரு ஆள் மூச்சு வாங்க வாங்கப் பேயாடிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டில் சோடாவும் ஒரு வீடியோவும் வைத்துக்கொண்டு நான் செய்ய நினைத்ததை, அவர் தன் வேட்டியை வைத்துக்கொண்டு செய்துவிட்டார்.

விளக்கைப் போட்டதும் ரியா நேராக யாழினியிடம் வந்தாள். "யே தேரே நானா ஹை?" என்று கேட்டாள், இது உன் தாத்தாவா என்று.

"ஹா. மேரே நானா."

"கஹா ரெஹதே ஹை?"

தாத்தா எங்கே இருக்கிறார் என்ற கேள்வி. யாழினி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தாத்தாவைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர்க் கோடு இன்னும் காயவில்லை, தலையை நிமிர்த்திச் சத்தமாகச் சொன்னாள்: "தாராவி மே!"

ரியா கண்ணை அகல விரித்தாள். "வஹா சப் லோக் ஐஸே சமக்தே ஹை க்யா?"

அங்கே எல்லோருமே இப்படித்தான் மின்னுவார்களா என்று கேட்கிறாள்! மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "ஹா பேட்டா, சப் லோக். ஆவோ ஏக் தின், தேக்கோ." ஒருநாள் வந்து பார் என்று அழைப்பு.

மறுநாள் சாயங்காலம் கீழேயிருந்து "யாழினீ...!" என்று ரியாவின் குரல் நாலு மாடிக்கும் கேட்டது. யாழினி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பிறந்தநாளன்று கடித்துப் பார்த்த அந்தப் பையனுக்கு அப்புறம் ஜெல்லியை யாரும் தொடவில்லை. மாமியார் சுட்டுக் கொண்டுவந்த முறுக்குதான் மானத்தைக் காப்பாற்றியது. மாமனார் மட்டும் மரியாதைக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இட்லி ஏன் மாப்ள வழவழன்னு இருக்கு? சட்னி கிட்னி இல்லையா?" என்றார்.

அன்று பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு விசாரணை நடந்தது. செல்விதான் நீதிபதி. ட்யூப்புக்குக் கீழே ஒரு டம்ளரில் மீதிச் சோடாவை ஊற்றினாள். பிரமாதமாக மின்னியது. சர்க்கரை போட்டாள், மின்னிக்கொண்டேயிருந்தது. உப்பைப் போட்டாள். போடப் போட நீலம் அழுது வடிந்து அணைந்தே போய்விட்டது! அந்தக் கொயினாவுக்கு உப்பு ஆகாதாம்.

"எவ்வளவு உப்பு போட்டிய?" என்றாள் செல்வி.

"ஒரு சிட்டிகை. அப்புறம் கொஞ்சம்."

மாமியார் சேலைத் தலைப்பைத் திருகினார். "நானும் ஒரு கை போட்டேன். கசந்து கெடந்துது. மாப்ள மனசு சங்கடப்படுமேன்னு சொல்லல."

நாங்கள் இருவரும் நீதிபதியைப் பார்த்தோம். நீதிபதி கூரையைப் பார்த்தாள். "ஊத்தும்போது நானும் கொஞ்சம் போட்டேன்" என்றாள்.

இப்போது யாழினி பத்தாவது படிக்கிறாள். நான் தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனால்கூட, "அம்மா, உப்பு டப்பாவை எடுத்து உள்ள வை" என்று ஹாலிலிருந்து சத்தம் வருகிறது. இதற்கு ரியாவும் சேர்ந்து சிரிக்கிறாள். பாதி நாள் அவள் எங்கள் வீட்டில்தானே இருக்கிறாள்!

போன வாரம் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, ஞாயித்துக்கெழம ஒங்க ரெண்டாவது மாடியில யாருக்கோ பர்த்டேயாம். என்னக் கூப்புட்டுருக்காவ. ஒங்களக் கூப்புட்டாவளா?"

"இல்லையே மாமா."

"சரி. அந்த ட்யூப்ப மட்டும் குடுத்து விடுங்க."