சம்பந்தியின் கெஃபிர் ஜாடியும் என் முழங்காலும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். உங்கள் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நீங்களும் அம்மையாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று நான் எழுதியது மரியாதைக்காக. உண்மையில் கொதித்துப் போயிருக்கிறேன். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் நீங்கள் என்னைப் பேச விட்டால்தானே.

கிளம்பும் அவசரத்தில் ஒரு கண்ணாடி ஜாடியை என் கையில் திணித்து, "பத்திரம் சம்பந்தி, பல வருஷமா எங்க வீட்டுல வளருது" என்றீர்கள். புளித்த பாலில் காலிஃபிளவரை உதிர்த்துப் போட்டது போல வெள்ளைக் கட்டிகள் மிதந்தன. கெஃபிர் என்றீர்கள், ஏதோ வெளிநாட்டுத் தயிராம். எப்படி வடிகட்டுவது என்று ஆரம்பித்தீர்கள். எனக்கா பாடம் என்று அங்கேயே நிறுத்திவிட்டேன். ஓய்வு பெற்றதிலிருந்து இந்த வீட்டில் தயிர் உறை ஊற்றுவதும், துணியில் கட்டித் தொங்கவிடுவதும், நீர் வடிந்த கெட்டித் தயிரை ரொட்டியில் தடவுவதும் என் இலாகா.

அன்றோடு போயிற்று என் நிம்மதி. மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தேன். மறுநாளே அது பட்டென்று தெறித்து, என் மூக்குக்கண்ணாடி முதல் மருந்துச் சீட்டு வரை ஒரே புளிப்பு நாற்றம். இறுக்கி மூடக் கூடாது என்று அதற்கப்புறம் சொல்கிறீர்கள். தொலையட்டும் என்று மிச்சத்தைத் துணியில் கொட்டி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டால், அந்த நேரம் பார்த்துக் குழாய்க்காரர் தொட்டிக்கு அடியில் படுத்துக் கழிவுக் குழாயைக் கழற்றியிருக்கிறார். துணியில் சொட்டியது ஓட்டை வழியாக நேரே அவர் வாய்க்குள் போய்விட்டது. எழுந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டுத் தண்ணீர் கெட்டுப்போச்சு என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு டம்ளரோடு வந்து என் குழாயை முகர்ந்து பார்க்கிறார்கள்.

இதற்கு நடுவில் நீங்கள் தினமும் கூப்பிட்டு, எப்படி இருக்கு, குமிழி விடுதா, குளிரில் வைத்துவிடவில்லையே என்று ஜாடியை விசாரிக்கிறீர்கள். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து தடியூன்றி நடக்கிற மனிதன் நான். அந்த முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? உங்கள் பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்தவனுக்கு ஒரு ஜாடிக்கு இருக்கிற மதிப்புகூடக் கிடையாதா? சொல்லப்போனால் எனக்கு இதுதான் தாங்கவில்லை. அந்த ஜாடியும் லேசுப்பட்டதில்லை. வடிகட்டிய பிறகு புதுப் பால் ஊற்றி வைத்தால் உம்மென்று உட்கார்ந்திருக்கிறது. வளருது என்றீர்களே, என்ன வளருது?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். துணியில் தங்கிய கட்டி மட்டும் பிரமாதம். சற்று ரப்பர் மாதிரி இருந்தாலும், உப்பும் மிளகுத்தூளும் போட்டு ரொட்டியில் வைத்து இருவரும் தின்று தீர்த்தோம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வந்து ஜாடியை எடுத்துச் செல்லவும். அம்மையாருக்கு எங்கள் வணக்கம். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், ஜாடியை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது என் மகள், அதாவது உங்கள் மருமகள், வந்தாள். ரொட்டிக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அந்தக் கட்டிதாம்பா கெஃபிர். அதை எடுத்துத் திரும்பப் பால்ல போட்டுட்டு, வடிஞ்சதைத்தான் குடிக்கணும். மாமா வளர்த்ததை மொத்தமா சாப்பிட்டுட்டீங்களே" என்றாள். கடிதத்தைக் கிழிக்கலாம் என்றால் மனைவி விடவில்லை, உங்களுக்கு எல்லாம் தெரியட்டும் என்கிறாள். தோய்க்காமல் கிடந்த துணியின் மடிப்பில் ஒரே ஒரு கட்டி, மிளகு அளவு, ஒட்டியிருந்தது. அதைப் பாலில் போட்டு, மூடியை இறுக்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். சற்று முன் ஒரு குமிழி வந்தது. இல்லை என்கிறாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மகள் வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் ஆற அமர இருங்கள். ஆனால் தினமும் தவறாமல் கூப்பிடுங்கள். முழங்காலை விசாரிக்க வேண்டாம்.