பிங்கோ பலகையில் நாற்பத்தாறு

ஆலம் வெல்ஸ், நெவாடா
செவ்வாய்க்கிழமை

மிகுந்த மரியாதைக்குரிய அக்கா கிராசியெட்டுக்கும் அத்தான் ராய்க்கும் தம்பி பெர்னார்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. பாய்சியில் நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே பனி விட்டுவிட்டது. பூனை சுகம். ஈஸ்டர் விருந்துக்கு இந்த வருஷமும் நான்தான் ஆட்டுக்கறிக் குழம்பு வைக்க வேண்டுமாம், நம் அம்மாவின் அளவுப்படியே. என்னைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அக்கா, உன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு மடக்குக் கட்டில் இருந்ததே, அது இன்னும் இருக்கிறதா? வியாழக்கிழமைக்குப் பிறகு எனக்கு அது தேவைப்படும். எத்தனை நாளைக்கு என்று கேட்காதே.

லொரெய்ன் டீச்சரை நீ மறந்திருக்க மாட்டாய். நமக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுத்து, நரகத்தின் வெப்பத்தை டிகிரி கணக்கில் சொல்லிப் பயமுறுத்தினாரே, அவரேதான். இப்போது எண்பத்தொரு வயது, மாதர் சங்கத் தலைவி, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. திங்கள்தோறும் வென்டல் ஸ்டோக்ஸின் கேசினோ சூதாட்டக் கூடத்தில் ஜன்னலோர ஸ்லாட் மெஷினில் இருபது டாலர் போட்டு விளையாடுவார். ஜனவரியில் ஒருநாள் அந்த மெஷின் ஒரு காசுகூடத் திருப்பித் தராமல் இருபதையும் விழுங்கிவிட்டது. டீச்சர் கைப்பையால் அதை ஒரு அடி அடித்து, "நூறு போட்டா எவ்வளவு திருப்பித் தருவேன்னு உன் நெத்தியில எழுதி ஒட்டு, திருட்டு மெஷினே!" என்று கத்தியிருக்கிறார். எல்லா மெஷினிலும் அப்படி எழுதி ஒட்ட வேண்டும் என்று மறுநாளே கையெழுத்து வேட்டை. அட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது யார் என்று நினைக்கிறாய்? முப்பத்திரண்டு வருஷம் தபால் போட்டவன், எல்லா வீட்டு நாயும் எனக்குப் பழக்கம், நான்தான் போனேன். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்ததும் நான்தான். "ரொட்டி உறையில் எடை போட்டிருக்கிறது, இருமல் மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று போட்டிருக்கிறது, மனுஷன் சம்பளத்தை விழுங்குகிற மெஷினில் மட்டும் ஏன் ஒன்றும் போடவில்லை?" என்று கேட்டேன். கைதட்டினார்கள் அக்கா. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதை ஒப்புக்கொள்கிறேன்.

வென்டல் சண்டைக்கு வருவான் என்று பார்த்தால், பல்லைக் காட்டினான். "அவ்வளவுதானே தபால்காரரே, எழுதி ஒட்டிட்டாப் போச்சு" என்றான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு வாரத்தில் எல்லா மெஷினிலும் சீட்டு ஒட்டிவிட்டான். வாசல் பக்கம் தொண்ணூற்று மூன்று, ஜன்னலோரம் தொண்ணூற்றொன்று, கழிப்பறைப் பக்கம் எண்பத்தெட்டு. அதாவது நூறு டாலர் உள்ளே போனால் சராசரியாக அவ்வளவு வெளியே வரும். ஜனங்கள் கேசினோவை விட்டே ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்கே ஓடினார்கள்? எண்பத்தெட்டில் உட்கார்ந்திருந்த கிழவர் ஓட்டிஸிடம் போய், "பக்கத்துலயே தொண்ணூத்திமூணு காலியா இருக்கே" என்றேன். "இந்த நாற்காலிதாம்ப்பா என் முதுகுக்கு ஒத்துக்குது" என்றார். சரி, நியாயம் ஜெயித்தது என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். சனிக்கிழமை காலையில் கேசினோ வாசலில் ஆளுயரப் போர்டு வைத்திருந்தான்: "நாங்கள் போட்டுவிட்டோம். சர்ச் பிங்கோ எப்போது போடும்?"

அக்கா, அந்தப் போர்டு என்னைக் குறிவைத்துத்தான். பதினாலு வருஷமாக வியாழக்கிழமை சர்ச் பிங்கோவில் எண் அட்டைகளை விற்பதும் நான், பந்தை எடுத்து எண் கூப்பிடுவதும் நான், பரிசு கொடுப்பதும் நான். அந்தச் சதவீதம் இந்த ஊரில் எனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். நூறு வசூலானால் பரிசாகத் திரும்புவது நாற்பத்தாறு! கழிப்பறைப் பக்கத்து மெஷினே நம்மைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தருகிறது! யாரும் ஒரு சல்லிக்காசு திருடவில்லை. மிச்சமெல்லாம் புதன்கிழமைதோறும் முப்பத்தெட்டு முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடாகப் போகிறது. ஆனால் அதை எந்தப் போர்டில் எழுதியிருக்கிறோம்? டீச்சரோ போர்டைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "கடவுள் வீட்டு ஆட்டம் இவன் ஆட்டத்துக்குக் கீழேயா இருக்கும்? குறைஞ்சது தொண்ணூத்தெட்டு. டேய் பெர்னி, வியாழக்கிழமை பெரிசா எழுதி மாட்டு, நானே திறந்து வைக்கிறேன்" என்று நடுத்தெருவில் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வேறென்ன செய்ய?

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்றுக் கடையில் டீச்சரின் குரல் கேட்டு முட்டைக்கோஸ் அடுக்குக்குப் பின்னால் கால் மணிநேரம் குனிந்து நின்றேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. காப்பியையும் டோனட்டையும் பரிசுக் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன், ஐம்பத்தொன்றுதான் வருகிறது. ஃபாதரிடம் போய் அழுதேன். "உண்மையை எழுது மகனே, நான் உனக்காக ஜெபிக்கிறேன்" என்றார். எங்கேயிருந்து ஜெபிப்பார் தெரியுமா? வியாழக்கிழமை அவர் ரீனோவுக்குத் தியானத்துக்குப் போகிறாராம்! அக்கா, வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாயிருக்கு. அடிப்பாங்கன்னு பயமில்ல. வியாழக்கிழமைக்கு அப்புறம் பிங்கோவுக்கு யாரும் வரலைன்னா அந்த முப்பத்தெட்டுப் பேர் புதன்கிழமை எங்க போய்ச் சாப்பிடுவாங்க? அதுல பாதிப் பேருக்கு அது ஒண்ணுதான் வாரத்துல சூடான சாப்பாடு. எல்லாத்தையும் ஒரு கைதட்டலுக்காகக் கெடுத்துட்டேன். இனிமே கேசினோவோ சர்ச்சோ, யாரும் எந்தச் சதவீதத்தையும் எங்கேயும் எழுதவே கூடாதுங்கறதுதான் என் கொள்கை. நான் கிளம்பி வந்துடறேன். பூனையும் வரும். அத்தானுக்குப் பூனை ஆகாதுன்னு தெரியும், அவர்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லு.

உங்கள் இருவருக்கும் தேவதாய் எல்லா நன்மையும் தரட்டும். அத்தானின் முழங்காலுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். எனக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்று, பெரியதாகவே ஏற்று.

மூட்டை கட்டிக்கொண்டே,
உன் தம்பி பெர்னார்ட் இரிபார்ன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): தபால்காரனாக இருந்தும் இதைத் தபாலில் போட மறந்து மூன்று நாளாகச் சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறேன். கட்டில் வேண்டாம் அக்கா. நேற்று டீச்சர் பலகை மேலிருந்த துணியை இழுத்தார். நாற்பத்தாறு என்றே எழுதியிருந்தேன். வென்டல் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பின்கதவின் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "போன வருஷம் எவ்வளவுடா?" "கிட்டத்தட்ட இதேதான், டீச்சர்." "என் வீட்டுக்காரர் கிளைட் செத்த வருஷம்?" "எனக்கு முன்னாடி இருந்தவர் குறிப்புலயும் இதேதான், டீச்சர்." அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவர் போனதோட என் ராசியும் போச்சு, கடவுள் என்னைக் கைவிட்டுட்டார்னு பத்தொம்பது வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். எல்லாருக்குமே இவ்வளவுதானா? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?" என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "மீதி?" என்றார். புதன்கிழமைச் சாப்பாடு என்றேன். "நானும்தானே வாரா வாரம் அதைச் சாப்பிடறேன்! அதையும் கீழே எழுது" என்று சொல்லி ஆறு அட்டை வாங்கினார். எல்லோரும் வாங்கினார்கள். வென்டல்கூட இரண்டு வாங்கித் தோற்றான். ஆகவே எல்லாச் சதவீதத்தையும் எல்லா இடத்திலும் எழுதத்தான் வேண்டும் என்பதே என் கொள்கை.

கடிதத்தை ஒட்டப்போகும்போது டீச்சர் போன் செய்தார். எழுதி ஒட்டுவது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஈஸ்டர் விருந்துப் பானையின் மேல், குழம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆட்டுக்கறி என்று நான் எழுதி ஒட்ட வேண்டுமாம். நம் அம்மாவின் அளவு உனக்குத் தெரியும் அக்கா. பதினொன்று, மற்றதெல்லாம் உருளைக்கிழங்கு. கட்டிலை விரித்தே வை.