கடல் முயலின் ஊதாத் தீர்ப்பு

கடலோரக் கடைத்தெருவில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. கடல் ஞானி வந்திருக்கிறார்! அவரிடம் சத்திய முயல் இருக்கிறது! குற்றவாளி தொட்டால் தண்ணீர் ஊதாவாகிவிடும். குற்றமற்றவர் தொட்டால் தெளிந்தே இருக்கும். வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டாம், ஒரு கண்ணாடித் தொட்டி போதும். மனைவிகள் கணவர்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சொத்துச் சண்டையோடு அண்ணன் தம்பிகள் வந்தார்கள். வரிசை மருந்துக்கடையைத் தாண்டி வளைந்து நின்றது.

முயல் என்றதும் துள்ளி ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடில்லாத நத்தை மாதிரி, கொழகொழவென்று, உள்ளங்கை அளவில் ஒரு கடல் பிராணி. தலையில் முயல் காது போல இரண்டு கொம்பு. கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில், கடற்புல்லுக்கு நடுவே பாசி தின்று பிழைப்பது. மீன்பிடிக்கிறவர்களுக்கு அதன் வண்டவாளம் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் ஞானிக்கு முயல் சப்ளை அவர்கள்தானே!

தையல்கூடத்தில் துணி வெட்டுகிறவளுக்கு இந்தக் கூத்தில் அக்கறையே இல்லை, முதலாளியம்மாவின் மோதிரம் காணாமல் போகிறவரை. பழி விழுந்தது அங்கேயே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அவளுடைய அண்ணி மேல். காரணம்? மேசையைத் துடைத்தவள் அண்ணி. போதாதா?

"நான் யாரையும் சொல்லல. முயல் சொல்லட்டும்," என்றாள் முதலாளியம்மா. "ஊதா வந்துச்சுன்னா வேலை போச்சு. போலீசும் வரும்."

அண்ணி விசும்பினாள். "நான் எடுக்கலடி. ஆனா பயத்துல கை நடுங்கினா அது தப்பா நினைச்சுக்குமோ?"

"அழாதீங்க அண்ணி. அந்த ஞானி என்னதான் பண்றான்னு போய்ப் பாப்போம்."

வரிசையில் நின்றபடி துணி வெட்டுகிறவள் கண்ணெடுக்காமல் கவனித்தாள். ஞானி ஒவ்வொருவர் கையையும் தானே பிடித்துத் தொட்டிக்குள் இறக்கினார். காணிக்கைத் தட்டில் தாராளமாக வைத்தவர் கையைப் பூப்போல இறக்கினார், தண்ணீர் பளிங்கு. வெறுங்கையோடு வந்தவர் கையை ஓர் அமுக்கு அமுக்கினார், குபீரென்று ஊதா. உடனே தண்ணீர் மாறும்; அந்த முயல் திரைக்குப் பின்னால் போகும், வேறொன்று வரும்.

"தெய்வப் பிராணிக்கு ஓய்வு வேணும்ல," என்பார் ஞானி. ஓய்வாம்!

அண்ணியின் முறை வந்தது. புது முயல் தொட்டியில் சாவகாசமாக ஊர்ந்தது. துணி வெட்டுகிறவள் குறுக்கே புகுந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். பாவமே அறியாதவங்க தொட்டா?"

"தெளிஞ்ச தண்ணிதான் தாயே."

"நீங்க கையைப் பிடிக்கலைன்னாலுமா?"

"சத்தியத்துக்கு நடுவுல நான் எதுக்கு?" என்று ஞானி முறுவலித்தார். கூட்டம் கைதட்டியது. மாட்டிக்கொண்டார் மனிதர்.

தீர்ப்பைப் பார்க்கக் கூடவே வந்திருந்த முதலாளியம்மாவின் இடுப்பில் அவள் குழந்தை. எதைக் கண்டாலும் பிடித்துப் பிசைகிற வயது.

"அம்மா, முதல்ல தம்பி தொடட்டுமே. இவனைவிடப் பாவமறியாதவன் யாரு இருக்கா?"

முதலாளியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தொட்டியோரம் குனிந்து காட்டினாள். குழந்தை முயலை லபக்கென்று பிடித்து இரண்டு கையாலும் பிசைந்தது.

தண்ணீர் ஊதா. குழந்தை ஊதா. முதலாளியம்மாவின் புது உடுப்பும் ஊதா.

"ஐயையோ, மோதிரத்தை எடுத்தது குழந்தையா!" என்றார் வரிசையில் நின்ற முடிதிருத்துகிறவர், நிஜமாகவே திகைத்துப் போய்.

"பெத்தவங்க பாவம் பிள்ளைக்கு வந்திருக்கும்," என்று ஞானி அவசரமாகச் சமாளித்தார்.

"அப்ப நான் திருடியாடா?" என்று பாய்ந்தாள் முதலாளியம்மா. ஞானி பின்வாங்கியதில் திரை அறுந்து விழுந்தது.

பின்னால் இரண்டு வாளிகள். ஒன்றில் கடற்புல்லோடு புது முயல்கள். இன்னொன்றில் மை தீர்ந்து துவண்டு கிடந்தவை. துணி வெட்டுகிறவள் தொட்டியில் தண்ணீரை மாற்றி, ஒரு புது முயலை விட்டு, ஞானியின் கையைப் பிடித்து அவர் பாணியிலேயே ஓர் அமுக்கு அமுக்கினாள். ஊதா! மறுபடி தண்ணீரை மாற்றி, மை தீர்ந்ததை விட்டு அமுக்கினாள். பளிங்கு!

"புதுசை அமுக்கினா மை வரும். தீர்ந்துபோனதை அமுக்கினா வராது. இவ்வளவுதான் சத்தியம்."

அண்ணிக்குத் தைரியம் வந்தது. இன்னொரு புது முயலை நடுங்கும் விரலால் மெல்லத் தடவினாள். தண்ணீர் தெளிந்தே இருந்தது. "பாத்தியாடி, நான் எடுக்கல!"

"அதுவும் சாட்சி இல்ல அண்ணி. நீங்க மெதுவாத் தொட்டீங்க, அவ்வளவுதான்."

ஊதா வாங்கிய கணவர்கள் எல்லாம் ஞானியைத் தேடுவதற்குள் அவர் பின்வாசல் வழியாகப் பறந்துவிட்டார். மோதிரம் கிடைக்கவே இல்லை. "ஆதாரம் இருந்தா பேசுங்கம்மா," என்று துணி வெட்டுகிறவள் முதலாளியம்மாவிடம் ஒரே பேச்சில் முடித்தாள். அண்ணி மறுநாளும் காஜா எடுத்தாள். வாளிகளை இருவரும் கரைக்குத் தூக்கிப் போய்க் கடற்புல்லுக்குள் கவிழ்த்தார்கள். முயல்கள் நிம்மதியாகப் பாசி தின்னப் போயின.

அமுக்கினால் மை கக்குவது அந்தப் பிராணியின் குணம்; பாவம், அதற்கு முதுகெலும்பு கிடையாது. நமக்கு இருக்கிறது. அதன் உச்சியில் மூளை என்று ஒன்றும் இருக்கிறது. அதையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தால்தான் என்ன?