தலையில்லாத ஜாவா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம், கம்ப்யூட்டர்தான் நலமில்லை. நீங்கள் அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டதால், அங்கே நிச்சயம் நலமாகத்தான் இருப்பீர்கள்.

எங்கள் தெருக் கால்பந்துக் குழுவின் பனியன்களில் சிங்கச் சின்னம் தைத்துத் தருவதாக உங்கள் மாமியார் ஒப்புக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எம்பிராய்டரி மெஷினுக்குச் சிங்கத்தை வரைந்து கொடுக்கும் மென்பொருளைத் திறந்தேன். தான் ஓட ஜாவா என்று இன்னொரு மென்பொருள் வேண்டும் என்றது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சையே கட்டி மேய்த்தவனுக்கு இது ஒரு விஷயமா, நானே போடுகிறேன் என்றேன். அங்கே பிடித்தது சனி.

கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் ஒரு ஜாவா கேட்டால் ஒரு படையே வந்து நிற்கிறது. எட்டு, பதினொன்று, பதினேழு, இருபத்தொன்று. பள்ளிக்கூட வகுப்பா, பஸ் நம்பரா, ஒன்றும் விளங்கவில்லை. அதிலும் ஜேஆர்ஈ, ஜேடிகே என்று இரண்டு பங்காளிகள். ஓட்டுவதற்கு ஜேஆர்ஈயே போதும் என்றார் மாடிவீட்டுப் பல் டாக்டர். அதிலேயே 'ஹெட்லெஸ்' என்று சின்னதாக ஒன்று இருந்தது. தலை இல்லாவிட்டால் தலைவலியும் இருக்காது என்று அதையே தேர்ந்தெடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பிஸ்கட் தூள்தான் விழுந்தது. திரையில் எதுவும் தெரியாதாம், அதுதான் அதன் வழக்கமாம். எப்படியோ ஜாவா ஏறியது. சிங்கம் மட்டும் வரவில்லை.

பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சார், இது திரையே இல்லாத சர்வருக்குப் போடறது. இதுக்குத் திரையில ஜன்னல் திறந்து படம் காட்டவே தெரியாது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம், ஜாவா என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் வெளியே போகச் சொன்னேன். நிச்சயமா என்று கேட்டது. படிக்காமலே ஆமாம் என்றேன். கடிதம் டைப் அடிக்கிற ஆபீஸ் மென்பொருளும் கூடவே நடையைக் கட்டிவிட்டது. அதனால்தான் கையால் இந்தக் கோழிக் கிறுக்கல். உங்கள் மாமியார் கதவருகே நின்று நிதானமாகக் கேட்டாள்: "சிங்கம் வருமா? இல்ல, நான் ஊசிய எடுத்து ஒரு பூனையாவது போட்டுக் கொடுக்கட்டுமா?"

மறுநாள் காலையில் பதினேழாம் நம்பரை, தலை, வால் எல்லாம் இருக்கிற முழு ஜாவாவைப் போட்டேன். போட்ட கையோடு அவள் என்னை நூல் வாங்க அனுப்பினாள். திரும்பி வந்தால் திரையில் சிங்கம், மெஷினில் கடகடவென்று தையல். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பனியன்களைக் குழுத்தலைவன் வந்து வாங்கிப் போனான். ஆகவே நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். இனி உங்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் என்னைக் கேளுங்கள்.

மகளும் நீங்களும் சண்டை சச்சரவில்லாமல், முடிந்தால் ஒரே கம்ப்யூட்டரில், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: இதை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். சிரிக்காமல் கடைசிவரை கேட்டாள். நான் நூல் கடையில் இருந்தபோது மென்பொருள் விற்றவருக்குப் போன் செய்தாளாம். "ஜாவா அந்த ஃபோல்டர்லயே இருக்கும்மா, நீங்க ஒண்ணும் போட வேணாம். சார் திறந்ததுக்குப் பக்கத்துல ஸ்டார்ட்னு இருக்கறத அழுத்துங்க" என்றாராம். அழுத்தினாள், வந்துவிட்டது. நான் போட்ட ஜாவாவை இதுவரை யாரும் தொடவில்லை. லீவு போட்டுவிட்டு வாருங்கள்.